ஸ்பீக்கருக்குக் கால் தைத்தவள்

அக்காவின் மகள் முதன்முதலாக எழுந்து நின்ற நாளை வீட்டில் யாரும் கொண்டாடவில்லை. அவள் பிடித்துக்கொண்டு நின்றது அம்மாவின் ஸ்பீக்கரை.

அது என் நெஞ்சு உயரம் இருக்கும். அகலம் ஒரு சாண். கூடத்து ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு கறுப்புப் பெட்டிகள், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து வகுப்பு வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் மாதிரி விறைப்பாக நிற்கும். உருண்டை தவழ்ந்து போய் இடது பக்கத்துப் பெட்டியை அடைந்தாள். உருண்டை என்பது அப்பா அவளுக்கு வைத்த பெயர். பார்த்தால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். பெட்டியின் முகத்தில் துணி போர்த்திய சட்டம் ஒன்று உண்டு. அதன் விளிம்பைப் பிடித்தாள், முட்டியை ஊன்றினாள், எழுந்தாள். நாங்கள் எல்லாரும் சந்தோஷத்தில் வாயைத் திறந்தோம். மூடுவதற்குள் பெட்டி பக்கவாட்டில் அவள் மேல் சாய ஆரம்பித்தது.

அம்மா அப்போது தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தாள். அவள் எழுந்ததையோ நடந்ததையோ நான் பார்க்கவில்லை. பெட்டி சாய்ந்தது, அம்மாவின் முழங்கை அதன் குறுக்கே இருந்தது, அவ்வளவுதான் தெரியும். குழந்தை பொத்தென்று உட்கார்ந்து, என்ன நடந்தது என்று புரியாமல் சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. குழந்தையை வாரி எடுத்துத் தலை, முதுகு, கை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள்.

"நான் எத்தனை தடவைம்மா சொன்னேன்?"

"அதான் விழலையே," என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்கப்பா. விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? உங்க ரெண்டு பேராலயும் சேர்ந்து தூக்க முடியாத கனம் அது."

அக்காவின் விடுப்பு அந்த மாதத்தோடு முடிகிறது. அவள் வேலைக்குத் திரும்பும்போது பகலெல்லாம் உருண்டை எங்கள் வீட்டில் இருப்பாள் என்றுதான் ஏற்பாடு. அம்மா அதற்காகவே ஊசி, கத்தரிக்கோல், சாக்குக்கட்டி எல்லாவற்றையும் ஆள் உயரத்துக்கு ஏற்றிவிட்டிருந்தாள். குழந்தைக்கென்று ஒரு மெத்தைகூடத் தைத்தாகிவிட்டது.

"இது ரெண்டும் இங்க நிக்கற வரைக்கும் இவ இங்க வரமாட்டா," என்றாள் அக்கா. "நான் காப்பகத்துல விட்டுக்கறேன்."

அம்மா முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "ரெண்டும் இருக்கும். இவளும் இருப்பா."

"எப்படி?"

"அது என் பாடு. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை வந்து பாரு. பிடிக்கலைன்னா எங்க வேணும்னாலும் விட்டுக்கோ, நான் வாயே திறக்கமாட்டேன்."

"நீயா?" என்றார் அப்பா.

அம்மாவைத் தெரியாதவர்களுக்கு இது வீம்பு என்று தோன்றும். தெரிந்தவர்களுக்கும் வீம்பு என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் பெட்டிகள் அவளிடம் வந்த விதம் தெரிந்தால் கொஞ்சம் புரியும்.

அம்மா புதுத் துணி தைப்பதில்லை. மற்றவர்கள் தைத்ததைச் சரிசெய்வாள். பெரிய துணிக்கடை ஒன்றின் அடித்தளத்தில், சரக்கு இறக்கும் வாசலுக்குப் பக்கத்தில் அவளுடைய மெஷின் இருந்தது. மேலே ஒருவர் கால்சட்டை வாங்கினால் அது இடுப்பில் ஊசி குத்தியபடி கீழே இறங்கி வரும். அம்மா இடுப்பைப் பிடித்தோ நீளத்தைக் குறைத்தோ மேலே அனுப்புவாள். வாங்கியவர் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. இடுப்பை வைத்தே ஆளைச் சொல்வாள். "இவருக்கு வலது தோள் இறக்கம். எப்பவும் பை தூக்கற ஆளு." நாள் முழுக்கத் தள்ளுவண்டிச் சத்தம், பெட்டி உருட்டும் சத்தம், மேற்பார்வையாளரின் சத்தம். அந்த இடத்தில் அம்மாவுக்கு ஒரு வசதி இருந்தது. அவளுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் ஒரு காய்ச்சலில் போய்விட்டது. மேற்பார்வையாளர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கம் இடது காதைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள்.

ஒருமுறை ஒலிக்கருவிகள் விற்கும் கடை ஒன்றுக்குத் திரைச்சீலைகளைச் சரிசெய்து மாட்டப் போனாள். அங்கே வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுப் பார்க்க ஒரு தனி அறை. எதிரொலி அடங்குவதற்காகச் சுவர் முழுக்கக் கனமான துணி தொங்கவிட வேண்டும். அம்மா ஏணியில் நின்று மடிப்புகளைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, எதிரொலி போய்விட்டதா என்று பார்க்கக் கடைக்காரர் ஒரு பாட்டைப் போட்டார். அம்மா வாயில் குண்டூசிகளோடு ஏணியிலேயே நின்றுவிட்டாள்.

"பாடறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு மூச்சு இழுத்தா பாரு," என்று இன்றைக்கும் சொல்வாள். "என் பக்கத்துல நின்னு இழுத்த மாதிரி இருந்துச்சு. பாட்டு எல்லாரும்தான் கேக்கறாங்க. மூச்சை யாரு கேட்டா?"

பிறகு அந்தக் கடை இடம் மாறியபோது, காட்சிக்கு வைத்திருந்த ஒரு ஜோடியைக் கழித்துவிட்டார்கள். பக்கத்தில் கீறல். அடியில் இருக்க வேண்டிய அகலப் பீடங்கள் எங்கேயோ தொலைந்துபோயிருந்தன. வேறு யாருக்கும் வேண்டாம். அம்மாவுக்கு வேண்டும். தன் கையிருப்பைக் கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"ஒரு காதுக்கு எதுக்கு ரெண்டு பெட்டி?" என்று அப்பா அன்று கேட்டார்.

"ஒரு மூக்குக்கு எதுக்கு ரெண்டு ஓட்டை?" என்றாள் அம்மா.

அப்பா விடவில்லை. ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் ஒரு பெட்டியின் ஒயரைக் கழற்றிவிட்டார். அம்மா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பாட்டைப் போட்டாள். உட்காரக்கூட இல்லை. "சட்டையில ஒரு கையை யாருங்க பிரிச்சது?" என்றாள். அதற்கப்புறம் அப்பா அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இப்போது அவள் கடைக்குப் போவதில்லை. கடை மூட்டைகளை வீட்டுக்கு அனுப்புகிறது. மெஷின் கூடத்துக்கு வந்துவிட்டது. வாழ்க்கையில் முதன்முறையாக, அவள் விரும்பிய சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து தைக்கிறாள். அவள் மெஷினை மிதிப்பதை நிறுத்தி நிறுத்திக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த இடங்களில்தான் பாடுகிறவர்கள் மூச்சு வாங்குகிறார்கள்.

இந்த நிலையில்தான் உருண்டை எழுந்து நின்றாள்.

அம்மா முதலில் போனது மாடிக்கு. அங்கே வீட்டுக்காரம்மா இருக்கிறார். சுவரில் ஒரு கொக்கி அடித்துப் பெட்டிகளைப் பட்டையால் கட்டிவிடலாம் என்பது அம்மாவின் யோசனை.

"ஆணியா?" என்றார் வீட்டுக்காரம்மா. "அந்தச் சுவரு என் மாமனார் கட்டினது. நானே அதுல சாஞ்சு நிக்கமாட்டேன். நீங்க அடிச்சா அந்தப் பக்கம் குளியலறையில வந்து நிக்கும்."

அம்மா இறங்கி வந்தாள். அப்பா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து அடுத்தடுத்து யோசனைகளை வழங்கினார். பெட்டிகளைப் படுக்கவைத்துவிடலாம்; நிற்க முடியாதவர்களை வேறென்ன செய்வது? மேலே கல் ஏற்றிவைக்கலாம். குழந்தையைக் கட்டிப்போடலாம். அல்லது பெட்டிகளைப் படுக்கையறைக்குள் வைத்துவிட்டு, தானும் அம்மாவும் கூடத்தில் படுத்துக்கொள்ளலாம்.

"மேல கல்லு வச்சா அது கல்லோட சேர்ந்து விழும்," என்றாள் அம்மா. "வந்து ஒரு கை பிடிங்க. கவுத்துப் பாக்கணும்."

ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, மூன்று பேருமாக ஒரு பெட்டியைச் சாய்த்துப் படுக்கவைத்தோம். அடிப்பக்கம் தெரிந்தது. தூசிக்கு நடுவே, மரை போட்ட பித்தளைத் துளைகள் நான்கு. தொலைந்துபோன பீடத்தை முடுக்குவதற்காக வைத்தவை. அம்மா ஒவ்வொரு துளையிலும் சுண்டுவிரல் நுனியை விட்டுத் துடைத்தாள்.

"இவ்வளவு நாளா இது கால் இல்லாமதான் நின்னிருக்கு," என்றாள். "நாமதான் கவனிக்கல."

"இவளுக்கும் சேர்த்து நாலு கால் வாங்கிடு," என்று அப்பா, ஊர் சுற்றிவிட்டுச் சமீபத்தில்தான் வீடு திரும்பியிருந்த என்னைக் காட்டினார். "உலகத்தைச் சுத்தி வந்தும் இன்னும் பையைப் பிரிக்கல. எப்ப கிளம்புவாளோ."

"ஏங்க, அவளைச் சீண்டாதீங்க. நீ அந்த மூலையைப் பிடிடி."

பழுப்புத் தாளைப் பெட்டியின் அடியில் விரித்துப் பிடித்தேன். அம்மா சாக்குக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தாள். பெட்டியின் விளிம்பும் நான்கு துளைகளும் தாளில் எழுந்துவந்தன. முன்பக்கத்துத் துளைகள் இரண்டும் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் இருந்தன. பின்பக்கத்தில் ஒன்று மட்டும் உள்ளே தள்ளியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒயர் போகிற குழி. பிறகு அம்மா பெட்டியின் விளிம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு கை அகலம் விட்டுப் பெரிய சதுரமாகக் கோடு போட்டாள். கோட்டுக்கு வெளியே இன்னும் இரண்டு விரல் விட்டாள்.

"அது எதுக்கு?" என்று கேட்டேன்.

"எதுக்கும் இருக்கட்டும். பெருசா இருந்தா பிடிச்சுக்கலாம். சின்னதா வெட்டிட்டா எங்க போறது?"

தெருமுனையில் இருக்கிற தச்சருக்கு மேசைக்காரர் என்று பெயர். கட்டில், பீரோ எதைக் கேட்டாலும் கடைசியில் அது மேசை மாதிரிதான் வரும். அம்மா தாளை அவர் முன்னால் விரித்தாள். நல்ல கனமான மரப்பலகை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு துளை. போல்ட்டின் தலை வெளியே துருத்தாமல் அடிப்பக்கம் குழி. மூலைக்கால்களை வீட்டில் வைத்துப் பார்த்துப் பிறகு குறித்துக்கொள்ளலாம்.

"மேசைன்னா கால் நீளமா வேணுமே தங்கச்சி?"

"மேசை இல்லண்ணே. காலுதான். காலுக்கு ஒரு பாதம்."

"ரெண்டும் இதே அளவா?"

"இதே அளவுதான். ஒண்ணுக்குத் தாளை நேரா போடுங்க. இன்னொண்ணுக்குத் திருப்பிப் போடுங்க. ஒண்ணு இடது, ஒண்ணு வலது."

மேசைக்காரர் தலையாட்டினார். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் அது மிகச் சரியாகப் பட்டது.

பலகைகள் வந்தன. மேல்பக்கம் பாலிஷ் போட்டு முகம் பார்க்கலாம் போல இருந்தது. முதல் பெட்டியைப் படுக்கவைத்துப் பலகையைப் பொருத்தினோம். நான்கு போல்ட்டும் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கின. அம்மா மூலைகளைக் குறித்து, திருகினால் ஏறி இறங்கும் கால்களை முடுக்கினாள். துணி துவைக்கும் மெஷினுக்கு அடியில் இருக்குமே, அதே மாதிரி ரப்பர் அடி வைத்தவை. பெட்டி எழுந்து நின்றது. அகலப் பாதத்தோடு பார்க்கும்போது அதற்குத் திடீரென்று பொறுப்பு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டாவது பெட்டியில் முன்னால் இரண்டு போல்ட்டும் உட்கார்ந்தன. பின்னால் இரண்டும் உட்காரவில்லை.

அம்மா பலகையைச் சுற்றி வைத்துப் பார்த்தாள். இல்லை. இன்னொரு பக்கமாகச் சுற்றினாள். இல்லை.

"அந்த ஆளு துளையைத் தப்பாப் போட்டுட்டான்," என்றார் அப்பா.

 அம்மா முதல் பெட்டியைத் திரும்பவும் படுக்கவைக்கச் சொன்னாள். கால்களையும் போல்ட்டுகளையும் கழற்றிப் பலகையை எடுத்தாள். இரண்டு பலகைகளையும் பாலிஷ் பக்கம் பாலிஷ் பக்கத்தோடு ஒட்ட, முகத்தோடு முகம் சேர்த்து நிறுத்தினாள். துளைகள் எல்லாம் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தின. அவற்றின் வழியாக எதிர்ப்பக்கத்துச் சுவர் தெரிந்தது. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கை வெட்டிட்டேன்," என்றாள்.

"ஐயோ, எங்க?" என்று அப்பா எழுந்தார்.

"என் கை இல்லைங்க. சட்டைக் கை. அவர் மேல தப்பே இல்ல. நான் சொன்னதைத்தான் செஞ்சிருக்காரு."

சட்டைக்கு இடது கை, வலது கை என்று இரண்டு தாள் கிடையாது. ஒரே தாள். ஒன்றை நேராகப் போட்டு வெட்டி, திருப்பிப் போட்டு மற்றதை வெட்ட வேண்டும். அப்படி வெட்டாவிட்டால் இரண்டும் ஒரே தோளுக்குத்தான் சேரும். கழுத்துப்பட்டி, பை, முன்பக்கம், எதுவாக இருந்தாலும் ஜோடி என்றால் ஒன்று திரும்ப வேண்டும். அம்மாவின் கை யோசிக்காமல் அதைத்தான் செய்யும். ஆனால் ஸ்பீக்கர்கள் ஜோடியாக நின்றாலும் உடம்பின் இரண்டு பக்கங்கள் அல்ல. தொழிற்சாலையில் ஒரே அச்சில் வந்தவை. இரண்டுக்கும் ஒரே பக்கத்தில்தான் ஒயர்க் குழி.

அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உலகத்துலயே ரெண்டு இடது கால் இருக்கற வீடு நம்ம வீடுதான்!"

"சிரிங்க. ஞாயித்துக்கிழமை அவ வரும்போது இதே மாதிரி சிரிச்சுட்டு நில்லுங்க." அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பலகையைத் தோளில் வைத்துத் தெருமுனைக்கு நடந்தாள்.

மேசைக்காரர் பார்த்துவிட்டு, அந்த மரம் இனி அடுத்த வாரம்தான் வரும் என்றார். "முன்னாடி ரெண்டு போல்ட்டு பிடிச்சிருச்சு இல்ல? ரெண்டு போதும் தங்கச்சி. ஆடவே ஆடாது."

"குழந்தை பிடிச்சு நிக்கப்போற சாமான் அண்ணே. நாலு துளை இருக்கு, நாலும் பிடிக்கணும்."

"பின்னாடி துளையைக் கொஞ்சம் அகலமாக்கி விட்டுறட்டுமா?"

"அப்புறம் அது போல்ட்டைப் பிடிக்குமா? லொடலொடன்னு நிக்கும்." அம்மா பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கத்தைப் பார்த்தாள், மறுபக்கத்தைப் பார்த்தாள். பிறகு அதைக் குப்புறப் போட்டாள். "இப்படியே கவுத்து வச்சா?"

"பாலிஷ் போட்ட பக்கம் தரையைப் பாக்குமே!"

"தரை பாத்துக்கட்டும். துளை சரியா வருதா இல்லையா?"

மேசைக்காரர் தாளை வைத்துப் பார்த்தார். வந்தது. திருப்பி வெட்டியதைத் திருப்பி வைத்தால் நேராகத்தானே வரும். போல்ட் தலைக்கு மறுபக்கம் புதிதாகக் குழி போட வேண்டும். பழைய குழிகள் பெட்டிக்கு அடியில் மறைந்துபோகும். பலகை நல்ல கனம், தாங்கும். குழி தோண்டிக்கொண்டே அவர் புலம்பினார். "என் வேலையிலேயே இதுதான் நல்ல பாலிஷு. எறும்புதான் இனி முகம் பாக்கும்."

மேலே வந்த கரடுமுரடான பக்கத்துக்கு அம்மாவே வீட்டில் உப்புத்தாள் தேய்த்து எண்ணெய் தடவினாள்.

இரண்டு பெட்டிகளும் நின்றன. ஆனால் கூடத்துத் தரை சமம் இல்லை. கழுவிவிடும் தண்ணீர் வாசல் பக்கம் ஓடுவதற்காகக் கொஞ்சம் சரித்துப் போட்டிருக்கிறார்கள். நான்கு கால்களில் மூன்று தரையைத் தொட்டால் நான்காவது தொடாது. அப்பாவைத் தரையில் குப்புறப் படுக்கச் சொல்லி, ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு துண்டுத் தாளை விட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னாள் அம்மா.

"வருதா?"

"வருது."

அம்மா அந்தக் காலைக் கொஞ்சம் திருகினாள். "இப்ப?"

"இப்ப வரல. ஆனா இந்தப் பக்கம் வருது. நான் எப்ப எழுந்திருக்கலாம்?"

"எதுவும் வராதப்போ."

அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. எழுந்ததும் நேராகப் போய்ப் பலகையின் மூலையில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டார். அந்த உபரி இரண்டு விரல் அகலம்தான். அம்மா அவர் விரலைப் பார்க்கவில்லை. பெட்டி அசைந்ததா என்று பார்த்தாள். பிறகு மிச்சமிருந்த பஞ்சுத் துணியை மடித்து நான்கு மூலைக்கும் உறை தைத்து மாட்டினாள்.

நான் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மா அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அவ இப்ப என்ன எடை இருக்கா?"

"ஏம்மா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே, நல்லாத்தான் இருக்கா."

"கேட்டா சொல்லேன்டி."

அந்த எடைக்கு மணலை அளந்து, கெட்டித் துணியில் ஒரு பை தைத்தாள். தைக்கிற வேகத்தில் அதற்கு இரண்டு கைகளும் வைத்துவிட்டாள். பிடித்துத் தூக்க வசதியாக இருக்கும் என்றாள். அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு, "இது அழாது, ஈரம் பண்ணாது. இதையே வளர்த்துக்கலாமே," என்றார்.

மணல் உருண்டையைப் பெட்டியின் உச்சியில் மாட்டித் தொங்கவிட்டோம். பெட்டி அசையவில்லை. நான் கைதட்டினேன். அம்மாவுக்குத் திருப்தி இல்லை. பலகையைக் கழற்றிவிட்டு வெறும் பெட்டியில் தொங்கவிடச் சொன்னாள். அப்போதும் அது விழவில்லை.

"இது ரொம்ப நல்ல பிள்ளையா இருக்கு," என்றாள் சந்தேகமாக. "அன்னைக்கு விழப்போச்சே. அவ தொங்கல. பின்னாடி சாஞ்சு இழுத்தா. தொங்கறது வேற, இழுக்கறது வேற."

அதனால் மறுபடியும் எல்லாவற்றையும் மாற்றினோம். உருண்டையின் கை எட்டும் உயரத்தில் பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, அதைப் பக்கவாட்டில் நீட்டி, தையல் மெஷின் மேசையின் விளிம்பு வழியாக விட்டு, மறுமுனையில் மணல் உருண்டையைக் கட்டினோம். இப்போது அது கீழே இறங்க இறங்கக் கயிறு பெட்டியைப் பக்கவாட்டில் இழுக்கும். கீழே மெத்தைகளைப் பரப்பினோம். பலகை இல்லாத பெட்டி, பையை விட்ட நொடியில் மெத்தையில் படுத்தது. 

பலகையோடு கட்டினோம். பெட்டி நின்றது. அம்மா ஒரு சின்னப் பையில் இன்னும் மணல் போட்டுச் சேர்த்தாள். நின்றது. இன்னும் சேர்த்தாள்.

"போதும் விடேன்," என்றார் அப்பா. "அதான் நிக்குதே. அதை விழவெச்சே தீருவேன்னு நிக்கறியே!"

"விழவெச்சுத்தான் பாக்கணும். எப்ப விழும்னு தெரியாம, விழாதுன்னு நான் எப்படி அவகிட்ட சொல்றது?"

கடைசியில் ஒரு பக்கத்துக் கால்கள் தரையைவிட்டு எழுந்தன. பெட்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு மெத்தையில் சாய்ந்தது. அம்மா மணலை எடை போட்டாள். பக்கவாட்டில் இழுத்தால் ஒன்றரை உருண்டை. முன்பக்கம் இழுத்தால் இரண்டு உருண்டைக்குக் கொஞ்சம் கீழே. எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அதுதான் எடைக்கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு நேராகப் பெட்டியிடம் போனாள். உள்ளங்கையால் தள்ளினாள். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். அது இருந்த இடத்தில் இருந்தது. காலால் ஒரு உதை விட்டாள். பஞ்சு உறையில் பட்டுக் கால் திரும்பி வந்தது.

"நல்லா நிக்குது," என்றாள். முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. "ஆனா இவ இப்ப பிடிச்சு நிக்கறா. நாளைக்கு ஏறுவா. அப்ப?"

"வாங்க வீட்டு இன்ஸ்பெக்டரே, ஒரு வாய் டீ குடிச்சிட்டு..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"இருங்கப்பா. விழவே விழாதா, சொல்லும்மா."

நான் அம்மாவைப் பார்த்தேன். விழாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"விழும்," என்றாள் அம்மா.

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"ஒன்றரை உருண்டை கனத்துக்குப் பக்கத்துல இருந்து இழுத்தா விழும். நானே இழுத்துப் பாத்தேன். உனக்கு வேணும்னா இப்பவும் கட்டிக் காட்டறேன். இன்னைக்கு இவ எடைக்கு நிக்கும். இவளே இன்னும் பாதி வளர்ந்துட்டா நிக்காது."

"அப்ப என்ன பண்ணுவ?"

"அப்ப வேற பாதம் வெட்டுவேன். ரெண்டு வயசுச் சட்டையை இப்பவே தைச்சு இவளுக்குப் போட முடியுமா? வளர வளரத்தான் பிரிச்சு விடணும். மாசா மாசம் எடை போடு, எனக்குச் சொல்லு. நான் மணலை மாத்திக் கட்டிப் பாக்கறேன். என்னைக்குக் கால் எழும்புதோ அன்னைக்கு மரத்தை மாத்துவேன். மரம் பத்தலைன்னா அடியில இரும்பு வைப்பேன். அதுவும் பத்தலைன்னா..." அம்மா ஒரு மூச்சு நிறுத்தினாள். "நானே வித்துடுவேன். உன் வாயால நீ சொல்ல வேண்டியிருக்காது."

அப்பா டீ டம்ளரைக் கையில் வைத்தபடி நின்றார்.

அக்கா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். மணல் உருண்டை மெஷினுக்கு அடியில் கிடந்தது. அதை இழுத்து மடியில் வைத்துக் கனத்தைப் பார்த்தாள். கைகளைப் பிடித்துப் பார்த்தாள்.

"காப்பகத்துக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன்," என்றாள். "அங்கயும் உயரமா ஒரு பொம்மை அலமாரி நிக்குது. இது ஆடுமான்னு கேட்டேன். ஒண்ணும் ஆகாது மேடம், ஒண்ணும் ஆகாதுன்னாங்க. அலமாரியைத் தொட்டுக்கூடப் பாக்கல."

"நல்ல இடமா இருக்கும்டி. அவங்களுக்கு எத்தனையோ பிள்ளைங்க," என்றாள் அம்மா.

"நீ எதுக்கும்மா இப்ப அவங்களுக்குப் பேசற?" அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கட்டிக் காட்டு. எவ்வளவுல விழுதுன்னு நான் பாக்கணும்."

மெத்தைகளை மறுபடி பரப்பினோம். அக்கா தானே மணலைச் சேர்த்தாள். ஒவ்வொரு பிடியாகப் போட்டுக் காத்திருந்து, கால் எழுந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். பெட்டி சாய்ந்து மெத்தையில் விழுந்தது. உருண்டை என் இடுப்பிலிருந்து அதைப் பார்த்துக் கெக்கலித்தாள், இன்னொரு முறை செய்யச் சொல்வது போலக் கையை ஆட்டினாள்.

"சரி," என்றாள் அக்கா. "நாளைக்குக் காலையில கொண்டுவந்து விடறேன். மாசா மாசம் நான் முன்னாடி நின்னு பாப்பேன்."

"பாரு."

"பாட்டுச் சத்தம் கம்மியா."

"அதெல்லாம் முடியாது," என்றாள் அம்மா. பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "தூங்கும்போது கம்மியா," என்றாள்.

திங்கட்கிழமை அக்கா வாசலில் குழந்தையைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள். அம்மா பாட்டைப் போட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். நாங்கள் மூன்று பேரும் உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தவழ்ந்து ஒரு ஸ்பீக்கரைத் தாண்டினாள். அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இன்னொன்றையும் தாண்டினாள். நேராக மூலையில் இருந்த இரும்பு அலமாரிக்குப் போனாள். பாத்திரங்களும் அப்பாவின் பழைய செய்தித்தாள்களும் அடுக்கிய அலமாரி. அதன் கீழ்த்தட்டைப் பிடித்து எழுந்து நின்றாள். அலமாரி 'கிறீச்' என்றது.

அம்மா அதற்குள் அங்கே இருந்தாள். ஒரு கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மறுகையால் அலமாரியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். மேல்தட்டில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"ஏங்க," என்றாள். "ஜமுக்காளத்தை எடுங்க."

அப்பா பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தார். நான் பழுப்புத் தாளைத் தேடினேன்.